வெளுத்த சாட்சி

சாயப்பட்டறைக்கு அன்றைக்கு என்ன ஆர்டர் வந்திருக்கிறது என்பது அதன் முதலாளிக்குத் தெரிகிறதோ இல்லையோ, மதிலுக்கு இந்தப் பக்கம் லாண்டரி வைத்திருந்த சலவைக்காரருக்குக் காலையில் கிணற்றில் வாளியை இறக்கியதும் தெரிந்துவிடும். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் என்றால் கருநீலம். ஏதாவது பந்தாட்ட அணி ஜெயித்துத் தொலைத்தால் ஒரு வாரத்துக்கு ஆரஞ்சு. தேர்தல் வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம், காலையில் ஆளுங்கட்சி, சாயங்காலம் எதிர்க்கட்சி. மற்ற நாட்களில் எல்லாம் ஒன்றாகக் கலந்து கத்தரிக்காய்த் தோல் மாதிரி ஓர் ஊதா.

வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு இது நல்ல வேடிக்கைதான். ஆனால் சலவைக்காரர் வெளுத்துக்கொண்டிருந்தவை ஆஸ்பத்திரிப் போர்வைகள். இருபத்திரண்டு வருஷமாக ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் போர்வை, தலையணை உறை, டாக்டர்களின் கோட்டு எல்லாம் அவர் வீட்டுத் தொட்டியில்தான் நனைந்தன, அவர் வீட்டுக் கொடியில்தான் காய்ந்தன. வேறு வாடிக்கை கிடையாது. அவர், அவர் மனைவி, இஸ்திரி போடுகிற மைத்துனன், மூன்று பேரின் பிழைப்பும் அந்த வெள்ளையில்தான் இருந்தது.

ஒரு நாள் தலைமை நர்ஸ் கூப்பிட்டனுப்பினாள். நல்ல மனுஷி. மேஜைமேல் ஒரு போர்வையை விரித்துப் போட்டாள். ஆபரேஷன் முடிந்து கண் விழித்த ஒரு நோயாளி, மேலே கிடந்த செக்கச்செவேலென்ற போர்வையைப் பார்த்துத் தன் ரத்தம் என்றே நினைத்து மறுபடி மயங்கிவிட்டாராம். குழந்தைகள் வார்டில் மட்டும் யாரும் குறை சொல்லவில்லையாம்.

"மூணு மாசம் பாக்குறேன் அண்ணே. அதுக்குள்ள பழையபடி வெள்ளையா வரலன்னா என் கையில ஒண்ணும் இல்ல. வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

அன்றிலிருந்து அவரும் மைத்துனனும் தெருமுனைக் குழாயிலிருந்து தள்ளுவண்டியில் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கடைசி அலசலை மட்டுமாவது அதில் அலசினார்கள். குழாயில் தண்ணீர் வருவது ஒரு மணி நேரம். பாதிப் போர்வைகள் வெள்ளையாகத் தேறின. மீதிப் பாதி ஊதாவாகவே நின்றன.

முதலில் அவர் பட்டறைக்குத்தான் போனார். சண்டை போடுவதென்றே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். பட்டறை மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலி போட்டார், டீ சொன்னார். மடித்துக் கட்டின வேட்டியைச் சலவைக்காரர் தானாகவே இறக்கிவிட வேண்டியதாயிற்று. அவர் சொன்னதையெல்லாம் மேனேஜர் உச்சுக் கொட்டிக் கேட்டார். பிறகு தன் மேஜை இழுப்பறையிலிருந்தே ஒரு தாளை எடுத்து நீட்டினார். நீர்நிலைத் தூய்மை வாரியத்துக்கு எழுத வேண்டிய புகார்ப் படிவம். புகார் யார் மேல் என்ற இடத்தில் பட்டறையின் பெயரும் முகவரியும் ஏற்கெனவே அச்சாகியிருந்தன.

"நெறைய பேர் வர்றாங்க. பாவம், எழுதச் சிரமப்படுறாங்க. அதான் நாங்களே அச்சடிச்சு வச்சிட்டோம்" என்றார் மேனேஜர்.

இத்தனை மரியாதையான எதிரியைச் சலவைக்காரர் வாழ்நாளில் பார்த்ததில்லை. படிவத்தை வாங்கிக்கொண்டு நன்றிகூடச் சொல்லிவிட்டு வந்தார். அதை நினைத்து அப்புறம் ஒரு வாரம் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

வாரியத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஐந்து மாடிக் கட்டடம். வாசலில் செயற்கை நீரூற்று, பளிங்குபோல் தண்ணீர். அதன் பக்கத்திலேயே ஓர் அறிவிப்பு: இந்த வளாகத்தில் உள்ள குழாய்த் தண்ணீரை ஊழியர்கள் குடிக்கவோ, வாய் கொப்பளிக்கவோ, செடிகளுக்கு ஊற்றவோ வேண்டாம். உள்ளே மேஜைக்கு மேஜை கேன் தண்ணீர். அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள், யாரும் யாரையும் கடிந்து பேசுவதில்லை. அங்கே போய்வந்த பிறகுதான், நாலு வார்த்தை திட்டினாலும் வேலையை முடித்துக் கொடுக்கிற மனுஷனின் அருமை தெரியும்.

புகார்ப் பிரிவு எழுத்தர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். நீரின் நிறம் என்ற இடத்தில் சலவைக்காரர் ஊதா என்று எழுதியிருந்தார். எழுத்தர் உதட்டைப் பிதுக்கினார். வாரியத்தின் பட்டியலில் மூன்று நிறங்கள்தான் உண்டாம். நிறமற்றது, இலேசான மஞ்சள், மண் நிறம். ஊதா கிடையாது. பட்டியல் போட்ட காலத்தில் தண்ணீர் அந்த மூன்று நிறத்தில்தான் இருந்ததாம். மற்றவை என்று எழுதலாமா என்று சலவைக்காரர் கேட்டார். எழுதலாம், ஆனால் அது மற்றவைப் பிரிவுக்குப் போய்விடும், அந்தப் பிரிவில் இருந்தவர் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது என்றார் எழுத்தர். பிறகு இரக்கப்பட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னார்.

"உங்க வீட்டு மண்ணு மேல அந்தத் தண்ணிய ஊத்தினா மண்ணு என்ன நெறத்துக்கு வரும்?"

"ஊதாவா வரும் சார்."

"அப்ப மண் நிறம்னே போட்டுருங்க. பொய்யும் இல்ல."

சலவைக்காரர் மண் நிறம் என்றே போட்டார். எழுத்தர் முத்திரை குத்தினார். சலவைக்காரருக்குப் பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. முத்திரை விழுந்துவிட்டால் காரியம் ஆன மாதிரிதான் என்று நம்புகிற தலைமுறை அவர்.

மாதிரி எடுக்க அதிகாரி வருவார் என்றார்கள். அப்படி வருவதற்குப் பதினைந்து நாள் முன்னதாக எதிர்த்தரப்புக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. சொல்லாமல் போய் நின்றால் அவர்கள் மனசு கஷ்டப்படும் அல்லவா. அந்தப் பதினைந்து நாளில் பட்டறைக்கு வெள்ளை அடித்தார்கள், வாசலில் பூந்தொட்டி வைத்தார்கள், தொழிலாளர்களுக்குப் புதுச் சட்டை கொடுத்தார்கள். அதிகாரி வந்த அன்று பட்டறைக்கு விடுமுறை. ஆனால் கிணற்றுக்கு யாரும் தகவல் சொல்லவில்லையே, அது பாட்டுக்கு ஊதாவாகவே கிடந்தது.

மாதிரி அதிகாரி கிணற்றை எட்டிப் பார்த்தார். "நல்ல ஆழம்" என்றார். கையுறை மாட்டிக்கொண்டு, மூக்குக்கு முகமூடி கட்டிக்கொண்டு, காலில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒரு புட்டி தண்ணீரை எடுத்தார். தன்மேல் ஒரு சொட்டுக்கூடத் தெறிக்காமல் எடுத்ததைப் பார்த்து, இந்த ஆளுக்கு விஷயம் தெரியும் என்று சலவைக்காரர் மனசுக்குள் சந்தோஷப்பட்டார்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. நீர் நிறமற்றது, மணமற்றது, மனிதர்கள் குடிக்கத் தக்கது.

சலவைக்காரர் அந்தக் காகிதத்தையும் ஒரு புட்டி கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டார். மாதிரி அதிகாரி அவரைக் கோபிக்கவே இல்லை. உட்காரவைத்து, எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பொறுமையாக விளக்கினார். சோதனை எந்திரம் வெளிநாட்டிலிருந்து வந்ததாம். ரொம்ப நுட்பமானதாம். அழுக்குத் தண்ணீர் அதற்கு ஆகாதாம். முதல் வருஷம் தெரியாமல் நேராக ஊற்றிவிட்டார்கள், எந்திரம் எட்டு மாதம் படுத்துவிட்டது. அதிலிருந்து எந்தத் தண்ணீர் வந்தாலும் ஏழு தடவை வடிகட்டி, நன்றாகத் தெளிந்த பிறகுதான் எந்திரத்தில் விடுவது.

"வடிகட்டிட்டு அப்புறம் அழுக்கு இருக்கான்னு பாப்பீங்களா சார்?"

"ஆமா. இதுவரைக்கும் ஒரு தடவைகூட இருந்ததில்ல" என்றார் மாதிரி அதிகாரி. அவர் குரலில் உண்மையான பெருமை இருந்தது.

வடிகட்டின தாளில் தங்கியது என்னவாயிற்று என்று சலவைக்காரர் கேட்டார். அலமாரியிலிருந்து அதையும் எடுத்துக் காட்டினார் அதிகாரி. ஊதாச் சேறு, விரல் கனத்துக்கு. ஆனால் அது தண்ணீர் இல்லையே, திடக்கழிவு. திடக்கழிவுக்கு வேறு வாரியம். அந்த வாரியம் ஈரமாக இருக்கும் எதையும் வாங்காது. காயவைத்துக் கொடுத்தால் அது தூசி, தூசி காற்று வாரியத்தைச் சேர்ந்தது. சலவைக்காரர் திருதிருவென்று விழித்தார். அவர் முகத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல் அதிகாரியே ஒரு வழி சொன்னார். தலைவர் நடத்தும் குறைகேட்புக் கூட்டம் வருகிறது. தண்ணீரைக் கொண்டுவந்தால்தான் வடிகட்ட வேண்டும் என்று விதி. துணியைக் கொண்டுவந்தால் வடிகட்ட முடியாது. கறை பட்ட போர்வை ஒன்றைச் சாட்சியாக வைத்தால், தலைவர் தன் கண்ணாலேயே பார்த்துவிடுவார்.

சலவைக்காரர் இப்போது அழாத குறை. இத்தனை நாளில் வாரியத்தில் ஒரு மனுஷன் உருப்படியான ஒரு வழி சொல்லிவிட்டான். தலைமை நர்ஸ் கொடுத்த கெடுவுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்து இருந்த போர்வைகளிலேயே மோசமானதைப் பொறுக்கி எடுத்தார். ஊதா அடித்தளம், நடுவில் பச்சைத் திட்டு, ஓரத்தில் யாரோ குங்குமத்தைக் கொட்டின மாதிரி ஒரு சிவப்பு, ஓரத் தையலில் ஒரு கிழிசல். ஒரு மூலையில் அவர்கள் லாண்டரியின் குறி, வட்டத்துக்குள் மூன்று புள்ளி, அழியாத மையில். அதைத் தனியாக மடித்து ஜன்னல் ஓரம் வைத்து, "இது வாரியத்துக்குப் போக வேண்டிய துணி, வெள்ளிக்கிழமை காலையில எடுத்துக்கிட்டுப் போகணும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் குழாய்க்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவள் புரிந்துகொண்டதிலும் ஒரு தப்பும் இல்லை. அந்த வீட்டிலிருந்து ஒரு துணி இன்ன கிழமை இன்ன இடத்துக்குப் போக வேண்டும் என்றால் அதற்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே அர்த்தம்தான். அவள் மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். பெரிய ஆபீசுக்குப் போகிற துணி, மூலையில் நம் குறி, இந்தக் கோலத்தில். அன்றைக்கே அதைச் சுருட்டிக்கொண்டு, நல்ல தண்ணீர் வருகிற தன் தங்கை வீட்டுக்கு பஸ் ஏறினாள். புருஷன் கேட்டதற்குத் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்றாள். துணி விஷயத்தைச் சொன்னால், ஏற்கெனவே ஆயிரம் கவலையில் இருக்கிற மனுஷன், அதுவும் ஒரு கவலையாகிவிடும் என்று நினைத்தாள். மூன்று நாள். சோடாவில் ஒரு ஊறல், பிளீச்சிங் பவுடரில் ஒரு ஊறல், எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டு இரண்டு தேய்ப்பு, நடுவில் மொட்டை மாடி வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவைத்தல். விரல் நுனியில் தோல் உரிந்துவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் போர்வை அன்னத்தின் சிறகு மாதிரி வெளுத்து வந்தது. தம்பியிடம் கொடுத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி போட வைத்து, காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, அதே ஜன்னல் ஓரத்தில் வைத்தாள்.

கட்டின பொட்டலத்தைச் சலவைக்காரர் பிரிக்கவே மாட்டார். மடிப்பு கலைந்துவிடும். மனைவி மரியாதையாகக் காகிதம் சுற்றியிருக்கிறாள் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

கூட்டம் வாரியத்தின் குளிர் அறையில் நடந்தது. ஒரு பக்கம் அதிகாரிகள், எதிர்ப்பக்கம் பட்டறை மேனேஜர். நடுவில் ஒற்றை நாற்காலியில் பொட்டலத்தோடு சலவைக்காரர். தலைவர் எழுந்து பேசினார். முக்கால் மணி நேரம் பேசினார்.

"தண்ணீரின் அருமை நமக்குத் தெரியாதது அல்ல. ஆறு மட்டும் இல்லையென்றால் நம்முடைய ஆலைகள் கழிவை எங்கே கொண்டுபோய் விடும்? அதனால்தான் இந்த வாரியம் ஆறுகளைக் கண்ணும் கருத்துமாகக் காத்து வருகிறது. நான் பொறுப்பேற்றபோது இந்த வட்டாரத்தில் மாசடைந்த நீர்நிலைகள் முப்பத்தொன்று இருந்தன. இன்றைக்கு நான்குதான். மீதி இருபத்தேழையும் நீர்நிலைகள் என்ற பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டோம்."

அதிகாரிகள் கைதட்டினார்கள். சலவைக்காரரும் தட்டினார். தட்டாமல் இருந்தால் தப்பாக நினைப்பார்களோ என்று பயம்.

"நடவடிக்கை இல்லை என்கிறார்கள். இதோ இருக்கிறாரே நம் மேனேஜர், இவருடைய பட்டறைக்கு எட்டு ஆண்டுகளில் அறுபத்து மூன்று எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியிருக்கிறோம். சுத்திகரிப்பு நிலையம் கட்டுங்கள் என்று ஒவ்வொன்றிலும் சொல்லியிருக்கிறோம். இத்தனை கடிதம் வாங்கிய பட்டறை இந்த நாட்டிலேயே வேறு கிடையாது."

மேனேஜர் எழுந்து, அடக்கமாக ஒரு கும்பிடு போட்டார். சாயத்தைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கத் தகுந்த தொழில்நுட்பம் இன்னும் கிடைக்கவில்லை, கிடைத்த மறுநாளே கட்டிவிடுகிறோம், அதுவரை அவகாசம் வேண்டும் என்று அறுபத்து மூன்று தடவை சொன்ன பதிலை அறுபத்து நான்காவது தடவை சொன்னார்.

அப்போதுதான் சலவைக்காரரின் முறை வந்தது. அந்தத் தண்ணீர் என்ன பண்ணும் என்று நான் சொல்ல வேண்டாம், இதைப் பார்த்தால் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு, நூலை அவிழ்த்து, இரண்டு மூலையையும் பிடித்து, தொழில்முறைப்படி ஒரே உதறாக உதறி விரித்தார்.

விளக்கு வெளிச்சத்தில் போர்வை கண்ணைப் பறித்தது.

சலவைக்காரர் மற்றவர்களின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகங்களில் அருவருப்பு வரும் என்று காத்திருந்தவர், வியப்பு வருவதைப் பார்த்துக் குனிந்து போர்வையைப் பார்த்தார். வேறு பொட்டலத்தை எடுத்து வந்துவிட்டோமா என்று முதலில் தோன்றியது. ஓரத் தையலில் இருந்த கிழிசலைத் தேடினார். இருந்தது. அதே போர்வைதான். மனைவியின் விரல் நுனிகள் ஏன் உரிந்திருந்தன என்று அந்த நிமிஷம் அவருக்குப் புரிந்துபோயிற்று.

"இதுல கறை இருந்ததா?" என்றார் தலைவர்.

"இருந்துச்சு சார். ஊதா, பச்சை, சிவப்பு, எல்லாம் இருந்துச்சு. எங்க வீட்ல தெரியாம தொவச்சிட்டாங்க."

"எல்லாம் போயிடுச்சா?"

"போயிடுச்சு சார்" என்றார் சலவைக்காரர். அவர் பொய் சொல்லிப் பழகாதவர்.

தலைவர் எழுந்து வந்தார். போர்வையைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். வாரியம் எட்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த தொழில்நுட்பம் இதோ நம் கண்முன்னால் நிற்கிறது என்றார். சலவைக்காரர் பதறிப்போய், அது துணி சார், இது தண்ணீர் சார், ஒரு போர்வைக்கே மூன்று நாள் ஆயிற்று சார் என்று என்னென்னவோ சொன்னார். தலைவர் சிரித்தபடி கையமர்த்தினார். துணியில் ஒட்டிக்கொண்டிருக்கிற சாயமே போகிறதென்றால், எதிலும் ஒட்டாமல் சும்மா மிதக்கிற சாயம் போகாதா என்று கேட்டார். அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை சுலபமான விஷயம் இத்தனை நாள் நமக்குத் தோன்றவில்லையே என்று அவர்களுக்கு வெட்கமாகக்கூட இருந்திருக்கும். மாதிரி அதிகாரிக்கு மட்டும் என்னவோ உறுத்தியது. வாயைத் திறந்தார், தலைவர் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். மேனேஜர் ஓடிவந்து சலவைக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். நடவடிக்கைக் குறிப்பில் இப்படி எழுதினார்கள்: புகார்தாரர் தம் புகாரைத் தாமே தீர்த்துக் காட்டினார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனைவியை என்னென்ன கேட்க வேண்டும் என்று அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். உள்ளே நுழைந்ததும் அவள் ஆசையாக வந்து கேட்டாள்.

"என்னங்க, துணியப் பாத்துட்டு என்ன சொன்னாங்க?"

அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நடந்ததைச் சொன்னார். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"கறையோட ஒரு துணிய நம்ம வீட்லேர்ந்து குடுப்பாங்களா? எனக்கு எப்படித் தெரியும்? நம்ம குறி போட்ட துணிங்க அது."

கத்த வேண்டும் என்றுதான் வந்திருந்தார். ஆனால் அழுக்குத் துணி வாசலைத் தாண்டக் கூடாது என்று கல்யாணமான புதிதில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அவள் கையை இழுத்து வைத்துக்கொண்டு, உரிந்த விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டார்.

ஒரு வாரத்தில் ஆணை வந்தது. பட்டறை தன் கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்துகொண்டதை வாரியம் பாராட்டுகிறது. சுத்திகரிப்பு நிலையமாக மதிலுக்கு அப்பால் உள்ள கிணறும் அதைச் சேர்ந்த துவைகல், தொட்டி, கொடிக்கயிறு ஆகியவையும் பதிவு செய்யப்படுகின்றன. நிலைய எண் பதினேழு. அதன் பொறுப்பாளர் சலவைக்காரர். மறுநாளே ஆட்கள் வந்து மதிலில் ஓட்டை போட்டு, ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு குழாயைக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். இத்தனை நாளும் மண்ணுக்குள்ளே திருட்டுத்தனமாகக் கசிந்து வந்த சாயம், அன்றிலிருந்து சட்டப்படி, தடதடவென்று, முழுவாயாக வந்து விழுந்தது.

சலவைக்காரர் விழுந்தடித்துக்கொண்டு வாரியத்துக்கு ஓடினார். நான் ஒத்துக்கொள்ளவே இல்லையே என்றார். ஒத்துக்கொள்ள வேண்டியது பட்டறை, அவர்கள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்றார் எழுத்தர். நிலையத்தை மூட வேண்டுமானால் அதற்குத் தனிப் படிவம் உண்டு. அதோடு, நிலையத்துக்கு ஆறு மாதமாகக் கழிவுநீர் எதுவும் வரவில்லை என்று பட்டறையிடமிருந்து ஒரு சான்றிதழ் வாங்கிவர வேண்டும். அது எப்படி சார் கொடுப்பார்கள் என்றார் சலவைக்காரர். ஏன், நல்ல மனுஷராச்சே, கேட்டுப் பாருங்கள் என்றார் எழுத்தர். அவரிடம் கிண்டல் இல்லை. அதுதான் கொடுமை.

கெடுவுக்கு இன்னும் ஐந்து நாள் மிச்சம் இருக்கும்போதே தலைமை நர்ஸ் வேனில் வந்து இறங்கினாள். கையில் ஒரு சுற்றறிக்கை. நோயாளிகள் உபயோகிக்கும் எந்தத் துணியையும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமாகப் பதிவான இடத்தில் துவைக்கக் கூடாது. பதிவான இடங்களின் பட்டியலை வாரியமே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தது. பதினேழாவது வரியில் அவர்கள் வீட்டு முகவரி இருந்தது.

"வெள்ளையா வந்தாக்கூட நான் வாங்க முடியாது அண்ணே" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

துவைத்தது, துவைக்காதது, பாதி காய்ந்தது, எல்லாவற்றையும் வேனில் ஏற்றினார்கள். மைத்துனன் கடைசிப் போர்வை வரைக்கும் இஸ்திரி போட்டே கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தான். டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்கப் பதினொரு போர்வைகளைப் போட்டு முடித்தான். வேன் போன பிறகு வெறும் கொடிக்கயிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கயிறு காலியாக இருந்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. மைத்துனன் அந்த வாரமே வேறு ஊருக்கு வேலை தேடிப் போய்விட்டான். மனைவி தங்கை வீட்டுத் தெருவில் நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனாள். உரிந்த விரல் ஆறவே இல்லை.

மூன்று வாரம் கழித்து மாதிரி அதிகாரி வந்தார். இந்தத் தடவை முன்தகவல் இல்லை. சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மட்டும் திடீரென்று போய்த்தான் பார்க்க வேண்டும் என்று கண்டிப்பான விதி. கிணற்றை எட்டிப் பார்த்தார். ஊதா நுரை விளிம்புக்கு ஓர் அடி கீழே வரைக்கும் வந்து கொப்பளித்துக்கொண்டிருந்தது. அதிகாரியின் முகம் சுருங்கியது.

"என்னங்க இது, இப்படி வச்சிருக்கீங்க?"

நாலு மாதமாக இவர்கள் யாராவது இந்தத் தண்ணீரைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார்களா என்றுதான் சலவைக்காரர் ஏங்கிக்கொண்டிருந்தார்.

"இப்பதான் கண்ணுல பட்டுச்சா சார்? எழுதுங்க சார். இதத்தான் நான் நாயா அலைஞ்சு சொல்லிக்கிட்டிருந்தேன். வடிகட்டாம அப்படியே எழுதுங்க."

"நிலையத்துத் தண்ணிய வடிகட்டக் கூடாதுங்க, கண்ணால பாத்தாலே போதும்" என்று சொல்லிக்கொண்டே அதிகாரி எழுதினார். கடும் ஊதா, கடும் நாற்றம், கண்ணெரிச்சல், ஒன்றுவிடாமல் எழுதினார்.

"இப்பவாவது பட்டறைய நிறுத்துவீங்களா சார்?"

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். பட்டறையை எதற்கு நிறுத்த வேண்டும்? காலையில்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். ஒரு சொட்டுக் கழிவு அங்கே இல்லை. தரையில் சாப்பாடு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். இந்த வருஷத்துச் சுற்றுச்சூழல் விருதுக்கு அவர்கள் பெயரைத்தான் வாரியம் அனுப்பியிருக்கிறது. குற்றம் இருப்பது இந்தக் கிணற்றில். இந்தக் கிணற்றுக்கு யார் பொறுப்போ அவர் மேல்தான் வழக்கு.

சலவைக்காரர் சொல்ல வேண்டியதையெல்லாம் ஏற்கெனவே சொல்லியாயிற்று, அதெல்லாம் முத்திரை குத்தி வாரியத்தில் பத்திரமாக இருக்கிறது.

அதிகாரி குற்ற அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். பெயர், தகப்பனார் பெயர், வயது. சலவைக்காரர் சொன்னார். அடுத்து, செய்யும் தொழில்.

அவர் கொடிக்கயிற்றைப் பார்த்தார். துவைகல்லைப் பார்த்தார். அதன்மேல் பச்சையாகப் பாசி படர்ந்திருந்தது.

"சலவைன்னு போடுங்க சார்."

"இங்க சலவை எதுவும் நடக்கலையே. நடக்காததை எப்படிங்க எழுதறது, நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க" என்றார் அதிகாரி. நடப்பது என்ன என்று கிணற்றை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு அந்த இடத்தில், அழகான கையெழுத்தில், நீரை மாசுபடுத்துதல் என்று எழுதி, பேனாவையும் அறிக்கையையும் அவரிடம் நீட்டினார்.

சலவைக்காரர் அதை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். கீழே கையெழுத்துப் போட்டார்.